நடுங்கும் கைகளுக்காகத் திறந்த ஆபரேஷன் தியேட்டர்: யார் இந்த டாக்டர் பி.ராமமூர்த்தி?

1950-ம் ஆண்டு. ஒகேனக்கலில் பரிசல் ஓட்டும் ஒருவருக்கு வலது கை லேசாக நடுங்க ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாறைகளுக்கு நடுவே சுழித்து ஓடும் காவிரியில் பரிசலைத் திருப்ப அவரிடம் இருப்பது ஒரே ஒரு துடுப்புதான். கை சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் பிழைப்பு போச்சு. அவர் எங்கே போவார்?

தர்மபுரி அப்போது தனி மாவட்டம்கூட கிடையாது. 1965-ல்தான் சேலத்தில் இருந்து பிரிந்தது. மூளை அறுவை சிகிச்சைக்கு என்று தென்னிந்தியாவில் இருந்தவை இரண்டே இடங்கள். ஒன்று, 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கிய வேலூர் சி.எம்.சி. பிரிவு. இன்னொன்று, 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கிய பிரிவு. இரண்டாவதைத் தொடங்கியவர்தான் டாக்டர் பி.ராமமூர்த்தி. அப்போது அவருக்கு வயது 28.

சீர்காழியில் இருந்து எடின்பரோ வரை

ஒகேனக்கலில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் காவிரி, கடலில் கலக்கும் இடம் பூம்புகார். அதற்குப் பக்கத்தில் இருக்கும் சீர்காழியில் 1922 ஜனவரி 30-ல் பிறந்தவர் பாலசுப்பிரமணியம் ராமமூர்த்தி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1947-ல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்து, இங்கிலாந்தின் நியூகாசிலில் மூளை அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

திரும்பி வந்த இடத்தில் கேட்டதும் கிடைக்கிற நிலைமை எல்லாம் இல்லை. தலையில் அடிபட்டு வருபவர்கள், மூளையில் காசநோய்க் கட்டியோடு வருபவர்கள் என்று கூட்டம் மட்டும் குறையவே இல்லை. 1951-ல் ஜேக்கப் சாண்டி, எஸ்.டி.நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரோடு சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை சென்னையில் தொடங்கினார். மொத்தம் நாலே பேர். இன்று நாடு முழுவதும் உள்ள நரம்பியல் மருத்துவர்களின் அமைப்பு அது.

சரி, கை ஏன் நடுங்குது?

எல்லா நடுக்கமும் பார்கின்சன் நோய் அல்ல. ஆனால் ஓய்வாக மடியில் வைத்திருக்கும்போதே கை நடுங்குவது, நடை சுருங்குவது, உடம்பு விறைப்பது, எல்லா அசைவும் மெதுவாவது எல்லாம் சேர்ந்து வந்தால் அந்தச் சந்தேகம் வரும். 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் இதை விவரமாக எழுதினார். நடுமூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதுதான் காரணம். கை நடுங்க ஆரம்பிக்கும்போது அந்தச் செல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

1950-களில் இந்த டோபமைன் கதை யாருக்கும் முழுசாகத் தெரியாது. பெல்லடோனா வகை மருந்துகள் கொஞ்சம் உதவின, அவ்வளவுதான். அதனால் உலகம் முழுக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் வேறு வழி தேடினார்கள். நடுக்கத்தைக் கடத்தும் பாதையை மூளைக்குள்ளேயே துண்டித்தால் என்ன?

விழித்திருக்கும் நோயாளி

1960-களில் ராமமூர்த்தியும் அவரது சகாக்களான டாக்டர் வி.பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ்.கல்யாணராமன் ஆகியோரும் சென்னையில் கையில் எடுத்தது இதைத்தான். பெயர் ஸ்டீரியோடாக்சிக் சர்ஜரி. ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் என்று அறியப்படும் டாக்டர் டி.எஸ்.கனகாவும் இந்தக் குழுவில் வளர்ந்தவர்தான்.

இன்று ஸ்கேன் எடுத்தால் மூளை திரையில் தெரியும். அப்போது ஸ்கேனே கிடையாது. மூளையின் உள்ளறைகளில் காற்றையோ எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தையோ செலுத்திப் படம் எடுப்பார்கள். அந்த அறைகளின் ஓரத்தில் இருந்து மில்லிமீட்டர் கணக்குப் போட்டு, தலாமஸ் என்ற பகுதியில் குறி வைப்பார்கள். தலையில் உலோகச் சட்டம், மண்டையில் சின்னத் துளை, அது வழியாக மெல்லிய ஊசி. நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார். கையை நீட்டச் சொல்வார்கள். குறி சரியாக இருந்தால், அந்த இடத்தைச் சிதைக்கும்போதே நடுக்கம் கண்ணெதிரே நிற்கும். கணக்கு தப்பினால் பேச்சு குழறலாம், கை கால் விழுந்துபோகலாம்.

இதே முறையை இந்தக் குழு வலிப்பு, பெருமூளை வாதம், போதைப் பழக்கம், கட்டுக்கடங்காத ஆவேசம் ஆகியவற்றுக்கும் பயன்படுத்தியது. நடத்தையை மாற்ற மூளையில் கை வைக்கலாமா என்ற கேள்வி அப்போதே உலகளவில் எழுந்தது. இன்றைய ஒப்புதல் விதிகளின்படி அவற்றில் பல எளிதில் அனுமதி பெறாது. ராமமூர்த்தியின் சாதனைகளைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பூனைக்காலியில் ஒளிந்திருந்த மருந்து

1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், எல்-டோபா என்ற மருந்தைப் படிப்படியாக அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார். அசையாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து இது. மாத்திரையிலேயே வேலை முடிந்தால் மண்டையில் துளை எதுக்கு? உலகம் முழுக்க பார்கின்சனுக்கான ஆபரேஷன்கள் மளமளவென்று குறைந்தன.

இதில் ஒரு சென்னைக் கதை இருக்கிறது. அதே எல்-டோபாவை, நம் ஊர் வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் படரும் பூனைக்காலியின் விதையில் இருந்து 1937-லேயே பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அது நடுக்கத்துக்கு மருந்தாகும் என்று அன்றைக்கு உலகில் யாருக்கும் தெரியாது. (நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி கிடைக்கிறது என்று தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம்.)

ஆனால் மாத்திரைக்கும் எல்லை உண்டு. சில வருஷங்களில் அதன் பலன் சீக்கிரமே தீர்ந்துபோகும், உடம்பு தன்னிச்சையாக நெளியும். 1987-ல் பிரான்சில் அலிம் லூயி பெனாபித், தலாமஸை அழிக்காமல் மின்முனை வைத்து நடுக்கத்தை அடக்கினார். நெஞ்சில் பேஸ்மேக்கர் போன்ற கருவி, அங்கிருந்து மூளைக்கு ஒயர். டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன் என்ற இந்த முறை இன்று சென்னையிலும் நடக்கிறது. செலவு பல லட்சம். விழித்திருக்கும் நோயாளி, தலையில் சட்டம், மில்லிமீட்டர் கணக்கு என்ற அந்தப் பழைய வழிமுறைதான் இதற்கும் அடிப்படை.

கடைசிக் காலம்

அரசுப் பணிக்குப் பிறகு அடையாறில் உள்ள வி.எச்.எஸ். மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சை மையத்தை வளர்த்தார் ராமமூர்த்தி. 1973-ல் பத்ம பூஷண் கிடைத்தது. யோகா செய்பவர்களின் மூளையில் என்ன நடக்கிறது என்ற ஆராய்ச்சியிலும் ஆர்வம் காட்டினார். ஏறுமுகமாகவே இருந்த பாதை என்ற பொருள் வரும் ஆங்கிலத் தலைப்பில் தன் வரலாற்றை எழுதினார்.

மூளை ஆராய்ச்சிக்கு என்று நாட்டுக்கு ஒரு தனி நிறுவனம் வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். ஹரியானாவின் மானேசரில் அமைந்த தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ராமமூர்த்தி இறந்ததும் அதே மாதம்தான், டிசம்பர் 13-ல்.

2008-ல் தர்மபுரிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இன்றைய பரிசல்காரர் கை நடுக்கத்தைக் காட்ட சென்னை வரை போக வேண்டியதில்லை. ஆனால் அவருக்குக் கிடைக்கும் மாத்திரை நடுக்கத்தைத்தான் அடக்கும். செல்கள் சாவதை நிறுத்துவதாக நிரூபணமான மருந்து உலகில் எங்கும் இன்னும் வரவில்லை.