எண்களுக்கு உருவம் தந்த அம்மையார்

கைவிளக்கு ஏந்திய மங்கை என்று உலகம் போற்றும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைச் செவிலியர் பணியின் முன்னோடியாக நாம் அறிவோம். புள்ளிவிவரங்களைப் படமாக்கி ஓர் அரசின் கண்களைத் திறந்தவரும் அவரே.

அவர் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வச் செழிப்புமிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரே அவர் பெயராயிற்று. தந்தையிடம் பல மொழிகளையும் வரலாற்றையும் பயின்ற அவருக்குக் கணிதத்தில் தணியாத ஆர்வம் இருந்தது.

கிரிமியப் போரின்போது, 1854ஆம் ஆண்டு நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அங்கே கழிவுநீர் தேங்கியிருந்தது, காற்றோட்டம் இல்லை. அவர் இரவு பகலாக உழைத்தும் அக்குளிர்காலத்தில் வீரர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைத் தூய்மை செய்தபின் இறப்புகள் படிப்படியாகக் குறைந்தன.

போர் முடிந்து தாயகம் திரும்பிய அம்மையார், புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் துணையுடன் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். 1855 சனவரியில் மட்டும் போர்க்காயங்களால் இறந்தோர் 83 பேர். தொற்றுநோய்களால் இறந்தோரோ 2,761 பேர். தாம் பணியாற்றிய மருத்துவமனையின் தூய்மையின்மையும் பல உயிர்களைப் பறித்தது என்னும் கசப்பான உண்மையை அவர் உணர்ந்தார். அதை மறைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

நீண்ட அட்டவணைகளை ஆட்சியாளர் படிக்கமாட்டார் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே 1858இல் வெளியிட்ட வரைபடத்தில், ஓர் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் வட்டத்தின் பன்னிரண்டு கூறுகளாக அமைத்தார். தடுக்கக்கூடிய நோய்களுக்கு நீலம், காயங்களுக்குச் சிவப்பு, பிற காரணங்களுக்குக் கருப்பு என வண்ணம் தீட்டினார். சீர்திருத்தத்திற்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் அருகருகே வைத்தார். விரிந்து கிடந்த நீலம் மறு ஆண்டில் சுருங்கியதைப் பார்த்தவர் எவருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

அவர் முதலில் வரைந்த படங்களில், மையத்திலிருந்து செல்லும் கோட்டின் நீளமே இறப்பைக் குறித்தது. நீளம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். எனவே அப்படங்கள் உண்மையை மிகைப்படுத்தின. தம் வாதத்திற்கு வலுச்சேர்த்த பிழையாயினும் அதனை அவர் ஒப்புக்கொண்டு, பரப்பே அளவாக அமையும்படி மாற்றி வரைந்தார்.

அவருடைய முயற்சியால் படைவீடுகளிலும் மருத்துவமனைகளிலும் வடிகால், காற்றோட்டம், குடிநீர் வசதிகள் சீர்பெற்றன. 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. இந்தியாவிற்கு ஒருமுறையேனும் வராமலே, இங்கிருந்த படைமுகாம்களின் விவரங்களை வினாநிரல்வழித் திரட்டி, 1863இல் வெளிவந்த அரசு அறிக்கைக்குப் பெரும்பங்காற்றினார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

இன்று கணினித் திரையில் தகவல் பலகைகளைச் சில நொடிகளில் உருவாக்க முடிகிறது. ஆயினும் எக்கேள்விக்கு விடை தேடுகிறோம் என முதலில் தெளிதல், ஒரு வண்ணத்திற்கு ஒரே பொருள் தருதல், ஒப்பிட வேண்டியவற்றை அருகருகே அமைத்தல், அளவில் பொய் கலவாமை ஆகிய நெறிகளை மென்பொருள் தாமாகத் தந்துவிடாது. அவற்றை அம்மையார் தம் கையால் வரைந்த தாளிலேயே கடைப்பிடித்தார். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஓர் உயிர் இருந்ததை அவர் மறக்கவில்லை.