மார்பினைப் பிரித்தெடுத்த மருந்துக்கடைப் பையன்

குழலூதி எலிகளை ஆற்றில் இறக்கியவனின் கதையைப் பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு ஹாமெலின் என்ற ஜெர்மன் ஊரின் பெயர் மறந்திருக்காது. அது கதை. அதே ஊரில் மருந்துக்கடை நடத்தி, 1841-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி காலமான ஒருவரின் வரலாறோ கதையைவிட விசித்திரமானது. அவர் பெயர் ஃப்ரீட்ரிக் ஸெர்ட்யூர்னர். பெரிய ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பவருக்கும், புற்றுநோயால் துடிப்பவருக்கும் டாக்டர்கள் கொடுக்கும் மார்பின் மருந்தை அபினியிலிருந்து முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தவர் அவர்தான்.

1783 ஜூன் 19-ஆம் தேதி பாடர்பார்ன் நகரை அடுத்த நாய்ஹவுஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அப்பகுதியை ஆண்ட பிஷப்பிடம் நில அளவையாளராக இருந்தவர். மகனுக்குப் பதினைந்து வயது இருக்கும்போதே தந்தை போய்விட்டார். காலேஜ் படிப்புக்கு வழியில்லை. 1799-ல் பாடர்பார்னில் ஒரு மருந்துக்கடையில் வேலை பழகச் சேர்ந்தார். நான்கு வருஷம் அரைத்து, இடித்து, காய்ச்சி, 1803-ல் உதவியாளர் பரீட்சையில் தேறினார்.

அந்தக் கடையில் தினமும் கைபட்ட சரக்குகளில் ஒன்று அபினி. நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் காய்ந்து அபினியாகிறது. வலிக்கு அதை மிஞ்சிய மருந்து அன்று கிடையாது. ஆனால் ஒரு சங்கடம். ஒரு மூட்டை அபினி போல் இன்னொரு மூட்டை இராது. விளைந்த நிலம், பருவம், வியாபாரி சேர்த்த கலப்படம் எல்லாம் சேர்ந்து அதன் வீரியத்தை மாற்றிவிடும். நேற்று ஒருவருக்குப் பலிக்காத அதே அளவு, இன்று இன்னொருவரைக் கொன்றுவிடும். டாக்டர் சீட்டில் எழுதிய எடை சரி, தராசும் சரி, உள்ளே இருப்பது எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாது. பார்சல் ஆபீஸில் தராசுப் பக்கத்திலேயே காலம் தள்ளும் எனக்கு இந்த இடம்தான் மனதில் தைத்தது. மூட்டையின் எடையை ரசீதில் எழுதிவிடலாம். மூட்டைக்குள் இருப்பதற்கு யார் பொறுப்பு?

இருபது வயதைத் தாண்டிய அந்தப் பையனுக்கும் இதே கேள்விதான். கடை வேலை போக மிஞ்சிய நேரத்தில் அபினியை நீரில் ஊறவைத்து, வடித்து, அம்மோனியா சேர்த்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் படிகம் அடியில் தங்கியது. அதை அமிலத்தில் கரைத்தும் சாராயத்தில் கரைத்தும் சுத்தம் செய்தார். நாய்களுக்குக் கொடுத்தார், மயங்கித் தூங்கின. அபினியின் தூக்கமும் வலி நிவாரணமும் இந்தப் பொருளில்தான் என்று முடிவு செய்தார். 1805-லும் 1806-லும் ஒரு மருந்தியல் பத்திரிகையில் எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. தாவரத்திலிருந்து காரத்தன்மையுள்ள மருந்துப் பொருள் கிடைக்கும் என்று அன்றைய ரசாயன அறிஞர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. அதுவும் சொல்பவர் ஒரு கடைச் சிப்பந்தி!

1806-ல் ஐன்பெக் என்ற ஊருக்கு மாறினார். அப்பகுதி அப்போது நெப்போலியன் ஆட்சியின் கீழ் வந்திருந்தது. புதிய சட்டத்தின் தயவில் 1809-ல் சொந்தக் கடை திறந்தார். நெப்போலியன் வீழ்ந்ததும் பழைய சட்டம் திரும்பிவர, உரிமம் செல்லாது என்ற வழக்கு எழுந்து அவருக்கு எதிராக முடிந்தது. அந்த இக்கட்டான நாட்களில்தான் அவர் மறுபடி அபினியைக் கையில் எடுத்தார்.

இம்முறை நாய்களை நம்பவில்லை. தானும், பதினேழு வயதைத் தாண்டாத மூன்று இளைஞர்களுமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு அரை கிரெயின், அதாவது சுமார் 30 மில்லிகிராம், சாராயத்தில் கரைத்து நீர் கலந்து குடித்தார்கள். முகம் சிவந்தது, உடம்பு சூடேறியது. அரைமணி கழித்து இன்னொரு அரை கிரெயின். குமட்டலும் தலைச்சுற்றலும் வந்தன. கால்மணியில் மூன்றாவது. வயிற்றில் கடும் வலி, கண் இருட்டல், நினைவு தப்பும் நிலை. ஸெர்ட்யூர்னருக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. தானும் காடியைக் குடித்து, மற்றவர்களுக்கும் கொடுத்து, வாந்தி எடுக்க வைத்தார். பிழைத்தார்கள், ஆனாலும் மலச்சிக்கலும் தலைவலியும் பசியின்மையும் சில நாள் விடவில்லை. சிறுவர்களை இப்படிச் சோதனையில் இறக்கியதை இன்று எந்தச் சட்டமும் ஒப்புக்கொள்ளாது. எனக்கும் ஒப்பவில்லை. இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் வயது வந்த நோயாளிக்கு டாக்டர்கள் இன்று வாய்வழி கொடுப்பது வழக்கமாக 5 முதல் 10 மில்லிகிராம்தான். அவர்கள் முக்கால் மணியில் விழுங்கியது சுமார் 90.

உடம்பில் அன்று நடந்தது என்ன என்பது அவருக்குத் தெரியாது. 1973-ல்தான் விடை கிடைத்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புச் செல்களின் மேல், பூட்டுக்குச் சாவி போல மார்பின் போய்ப் பொருந்தும் இடங்கள் இருக்கின்றன. பொருந்தியதும் வலிச் செய்தி கீழிருந்து மேலே போவது தணிகிறது. மேலே போய்ச் சேர்ந்த வலியும் முன்போல் வாட்டுவதில்லை. செடியின் பாலுக்காக நம் உடம்பில் பூட்டு எதற்கு என்ற கேள்விக்கு 1975-ல் பதில் வந்தது: வலி தணிக்கும் சொந்தச் சரக்கை உடம்பே தயாரிக்கிறது. மார்பின் அந்தப் பூட்டைத் திறக்கும் வெளியூர்ச் சாவி. அதே பூட்டு குடலிலும் உண்டு, அதனால்தான் மலச்சிக்கல். மூச்சை நடத்தும் மூளைப் பகுதியிலும் உண்டு. அளவு மீறினால் மூச்சு மெல்லத் தளர்ந்து நின்றுபோவது அதனால்தான். நாளாக ஆக உடம்பு பழகிப்போய் அதே பலனுக்கு அதிக அளவு கேட்கும். திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வயிற்றுப்போக்கும் வரும்.

1817-ல் இந்த அனுபவங்களையெல்லாம் விவரமாக எழுதி, கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸ் பெயரால் அப்பொருளுக்கு மார்பியம் என்று பெயரிட்டார். பாரிஸில் கே-லுஸாக் என்ற பெரிய விஞ்ஞானி கண்ணில் அது பட்டது. பிரெஞ்சில் மொழிபெயர்க்கச் செய்தார். மார்பின் என்ற பெயர் அவர் மாற்றியது. அதே வருஷம் யேனா பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. இவர் போட்ட பாதையில் 1820-ல் மலேரியாவுக்கான க்வினைனைப் பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்தார்கள். 1827-ல் டார்ம்ஸ்டாட் நகரின் மெர்க் கம்பெனி மார்பினைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. 1831-ல் பிரான்ஸ் நாட்டின் அறிஞர் சபை 2000 ஃபிராங்க் பரிசு வழங்கியது.

நம் நாட்டில் சர்க்கார் உரிமம் பெற்றவர்களே கசகசாச் செடி பயிரிடலாம். அபினி காஜிப்பூர், நீமச் சர்க்கார் ஆலைகளுக்குப் போகிறது. நீமச், நம் மேற்கு ரயில்வேயின் ரத்லாம் கோட்டத்து ஸ்டேஷன். இவ்வளவு விளையும் நாட்டில், சில வருஷங்களுக்கு முன் என் சக ஊழியர் ஒருவரின் தாயார் புற்றுநோயில் துடித்தபோது மார்பின் மாத்திரைக்காக நாங்கள் மும்பையில் மூன்று நாள் அலைந்தோம். ஓரிடத்தில் லைசென்ஸ் இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில், பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும் என்று தயங்கினார்கள். சில வாரமே உயிரோடு இருக்கப் போகிற எழுபது வயது அம்மாளுக்கு! மருந்து கிடைத்த அன்றிரவுதான் அவர் தூங்கினார். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கள்ளக்கடத்தலைத் தடுக்க வந்தது. நோயாளிக்கும் அது சுவரானது. 2014-ல் திருத்தம் செய்து ஆஸ்பத்திரிகளுக்கான லைசென்ஸ் முறையை எளிதாக்கினார்கள். டாக்டர் கண்காணிப்பில், அளந்து, வலிக்குத் தக்கபடி கொடுத்தால் இதைக் கண்டு ஓட வேண்டியதில்லை. அளவில்லாமல் கையாண்டால் என்ன ஆகும் என்பதை ஐன்பெக்கில் நால்வர் குடித்தே காட்டிவிட்டார்கள்.

ஸெர்ட்யூர்னர் 1820-ஆம் ஆண்டளவில் ஹாமெலினுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த வருஷம் கல்யாணம். கடையும் நன்றாக நடந்தது. துப்பாக்கியிலும் குண்டிலும் புதுமை செய்ய முயன்றார். 1831-ல் காலரா பரவியபோது, தானே பெருகும் ஏதோ ஒரு நச்சு உயிர்தான் அதற்குக் காரணம் என்று எழுதினார். அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் அது ஏறக்குறைய சரியென்று தெரிந்தது.

கடைசி ஆண்டுகளில் கீல்வாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. மனமும் சோர்ந்தது. வலிக்குத் தன் மருந்தையே நாடினார். இறந்தபோது வயது 57. உடலை ஹாமெலினில் வைக்கவில்லை. கடை உரிமத்தைப் பறித்த அதே ஐன்பெக்குக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு சிறு கோயிலில் அடக்கம் செய்தார்கள்.