இதயத்தை எழுப்பிய மருந்தும் ஜோகிச்சி தக்காமினேயும்

துடிப்பு நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்க முயலும் மருத்துவர்கள், மார்பை அழுத்துவதோடு சிரையின் வழியே செலுத்தும் முக்கிய மருந்து அட்ரினலின். அதைத் தூய வடிவில் உலகிற்குத் தந்தவர் ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வேதியியலாளர் ஜோகிச்சி தக்காமினே. அவர் மறைந்து நூறாண்டுகள் கடந்துவிட்ட நிலையில், நின்ற இதயத்தை எழுப்பும் அந்த மருந்து அதைப் பாதுகாக்கவும் செய்கிறதா என்ற விவாதம் இன்னும் முடிவுறவில்லை.

தக்காமினே 1854ஆம் ஆண்டு தக்கவோக்கா நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர். தாயின் குடும்பத்தாரோ சாக்கே என்னும் அரிசி மது வடிப்பவர்கள். டோக்கியோவிலும் பின்னர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் பயின்ற அவர், 1884இல் நியூ ஆர்லியன்ஸ் கண்காட்சிக்குச் சென்றபோது சந்தித்த கரோலின் ஹிட்ச் என்ற அமெரிக்கப் பெண்ணை 1887இல் மணந்தார்.

1890இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். சாக்கே தயாரிப்பில் பயன்படும் கோஜி பூஞ்சையைக் கொண்டு விஸ்கி வடிக்கும் அவரது முயற்சி, மால்ட் உற்பத்தியாளர்களின் எதிர்ப்பையும் தீ விபத்தையும் சந்தித்துத் தோல்வியடைந்தது. ஆனால் அதே பூஞ்சையிலிருந்து பெற்ற டாக்கா டயஸ்டேஸ் என்ற செரிமான மருந்துக்கு 1894இல் காப்புரிமை கிடைத்தது. பார்க் டேவிஸ் நிறுவனம் அதை விற்றது, தக்காமினே செல்வந்தரானார்.

அக்காலத்தில் அட்ரினல் சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை உயர்த்துவது அறியப்பட்டிருந்தது. எனினும் அதன் செயல்படு பொருளைத் தூய்மையாகப் பிரிக்க எவராலும் இயலவில்லை. பால்டிமோர் அறிஞர் ஜான் ஏபல் 1897இல் இலக்கை நெருங்கினார். ஆனால் அவர் பெற்றது தூய பொருள் அல்ல. 1900ஆம் ஆண்டு கோடையில், தக்காமினேயின் நியூயார்க் ஆய்வகத்தில் அது படிகமாகக் கிடைத்தது.

சோதனைகளைத் தம் கையால் செய்தவர் இளம் உதவியாளர் கெய்ஸோ உயெனாக்கா. ஆனால் காப்புரிமையில் அவரது பெயர் இடம்பெறவில்லை. அவரது ஆய்வுக் குறிப்பேடே பிற்காலத்தில் அவரது பங்கிற்குச் சான்றானது. இயற்கைப் பொருளுக்குக் காப்புரிமை செல்லுமா என்ற வழக்கில், 1911இல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் அளித்த தீர்ப்பு பார்க் டேவிஸுக்குச் சாதகமாக அமைந்தது.

நியூஜெர்சி மாநிலத்தின் கிளிப்டன் நகரிலும் தக்காமினேயின் பெயரில் ஆய்வகம் இயங்கியது. வாஷிங்டனுக்கு 1912இல் ஜப்பானியச் செர்ரி மரங்கள் வந்து சேர்ந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. எனினும் அக்காலச் சட்டம் ஜப்பானில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தர மறுத்தது. 1922 ஜூலையில், அமெரிக்கக் குடிமகனாகாமலேயே அவர் நியூயார்க்கில் காலமானார்.

இதற்கிடையே, அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜார்ஜ் கிரைல், மார்பு அழுத்தத்துடன் அட்ரினலினும் செலுத்தி நாய்களின் நின்ற இதயங்களை மீண்டும் இயங்கச் செய்ததை 1906இல் வெளியிட்டிருந்தார். இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தசைக்குச் செல்லும் இரத்தத்தை இம்மருந்து கூட்டுகிறது. அதே வேளையில் இதயத்தை வேகமாக உழைக்கத் தூண்டி, ஏற்கெனவே பிராணவாயுவுக்கு ஏங்கும் தசையின் தேவையையும் பெருக்குகிறது. இந்த இருவேறு விளைவுகள் ஆல்ஃபா, பீட்டா என்னும் இருவகை ஏற்பிகளால் நிகழ்வதாக 1948இல் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் விளக்கினார்.

பிரிட்டனில் சுமார் 8,000 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், அட்ரினலின் பெற்றவர்களில் 3.2 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 2.4 சதவீதத்தினரும் 30 நாட்களுக்குப் பின் உயிருடன் இருந்தனர். ஆனால் மூளை பெரிதும் பாதிக்கப்படாமல் பிழைத்தோரின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதனால்தான் பீட்டா விளைவைத் தடுக்கும் எஸ்மொலால் போன்ற மருந்துகளைத் துணைக்குச் சேர்க்கலாமா என்று ஆராயப்படுகிறது. அவற்றுக்கான சான்றுகள் இன்னும் சிறிய ஆய்வுகளிலிருந்தே கிடைத்துள்ளன. தக்காமினேயும் உயெனாக்காவும் பிரித்தெடுத்த பொருளுக்கு நிகரான மாற்று இன்றுவரை கிட்டவில்லை. அதன் கேட்டைத் தவிர்த்து நன்மையை மட்டும் பெறும் வழியும் கிட்டவில்லை.