குந்தவைப் பிராட்டியாரின் கணக்கு

ஸ்திரீகளுக்குப் பணத்தை வைத்து ஆளத் தெரியாது என்பது நம் நாட்டு ஆடவர் பலரிடத்தில் வேரூன்றிப்போன ஓர் எண்ணம். மேடையேறிப் பெண் விடுதலையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்யும் அன்பர்களிற் சிலர்கூட, வீடு திரும்பியதும் பெட்டிச் சாவியைத் தம் இடுப்பிலேயே செருகிக் கொள்ளுகிறார்கள். இது நமது புராதன சம்பிரதாயம் என்று வேறு அவர்கள் சொல்லும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் உண்டாகிறது. சம்பிரதாயத்தைப் பற்றிப் பேச விரும்புவோர் திண்டிவனத்துக்கு அப்பால் வெள்ளிமேடுபேட்டைக்கருகில் உள்ள தாதாபுரத்துக்கு ஒருமுறை போய்வருவது நலம். ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஒரு பெண் தன் பொருளைத் தன் பெயரால் எவ்வாறு நிர்வகித்தாள் என்பதற்கு அங்கே கல்லே சாட்சி.

தாதாபுரத்துக்கு அக்காலத்துப் பெயர் ராஜராஜபுரம். அவ்வூரில் சிவனுக்கு ஒன்றும் விஷ்ணுவுக்கு ஒன்றும் ஜினருக்கு ஒன்றுமாக மூன்று ஆலயங்களை எழுப்பியவர் ராஜராஜ சோழனின் தமக்கையாராகிய குந்தவைப் பிராட்டியார். சிவாலயத்துக்குத் தம்பியின் பட்டப் பெயரால் இரவிகுலமாணிக்க ஈசுவரம் என்று நாமமிட்டார். மற்ற இரண்டுக்கும் குந்தவை விண்ணகர், குந்தவை ஜினாலயம் என்று தம் பெயரையே இட்டார். தாம் கொடுத்த பொன், வெள்ளிப் பாத்திரங்கள், முத்து ஆபரணங்கள் ஆகியவற்றையும் கல்லில் வெட்டச் செய்தார். சாசன இலாகாவினர் 1919-ம் ஆண்டில் இவற்றைப் படியெடுத்த பின்னரே இவ்விஷயம் கற்றோருக்குத் தெரிய வந்தது. ஜினாலயம் இன்று இல்லை. ஏனைய இரண்டும் நிற்கின்றன.

கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வன் தொடர்கதையினால் இளைய பிராட்டியின் பெயரைத் தமிழகத்தில் அறியாதார் இல்லை. பின்னர் திரைப்படமும் வந்தது. ஆனால் கதையில் நாம் காணும் பிராட்டி ராஜதந்திரம் அறிந்தவர். கல்வெட்டில் காணும் பிராட்டியோ அதனினும் அரிதான ஒன்றை அறிந்தவர். அவர் கணக்கு அறிந்தவர். இந்தப் பிராட்டியைப் பற்றியே நாம் இன்று எழுத விரும்புகிறோம்.

குந்தவையார் இரண்டாம் பராந்தகன் என்னும் சுந்தர சோழனுடைய குமாரத்தி. தாயார் வானவன் மாதேவி, திருக்கோவலூரை ஆண்ட மலையமான் வம்சத்தில் உதித்தவர். அத்திருக்கோவலூர் 2019-ம் ஆண்டு கள்ளக்குறிச்சி ஜில்லா பிரியும் வரையில் விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆகவே, தாய்வழியில் பார்த்தால் குந்தவையாரை இப்பக்கத்துப் பெண் என்றே நாம் உரிமை கொண்டாடலாம். சுந்தர சோழன் இறந்தபோது வானவன் மாதேவி குழந்தையைப் பிரிந்து கணவனோடு தீயிற் புகுந்தார் என்று திருக்கோவலூர்ச் சாசனம் கூறுகிறது. தமையன் ஆதித்த கரிகாலனும் கொலையுண்டான். தந்தை, தாய், தமையன் மூவரையும் இழந்த அக்காலும் தம்பியும் செம்பியன் மாதேவியாரின் ஆதரவில் நின்றனர்.

செம்பியன் மாதேவியார் கண்டராதித்த சோழனின் தேவியார். குந்தவையாருக்குப் பாட்டி முறை. கணவனை இழந்தபின் அவர் தீப்புகவில்லை. கைக்குழந்தையாயிருந்த உத்தம சோழனை வளர்த்தார். செங்கல்லால் ஆகியிருந்த கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். அவற்றுக்கு நிலமும் பொன்னும் விட்டார். பழைய சாசனங்கள் அழிந்துபோகாதபடி மீண்டும் கல்லில் எழுதச் செய்தார். ஒரே அரண்மனையில் ஒரு விதவை நெருப்பில் முடிந்தாள். மற்றொரு விதவை அநேக வருஷங்கள் பொருளை ஆண்டு ஊரை வாழ்வித்தாள். இவ்விரண்டையும் கண்டு வளர்ந்த பெண் குந்தவை. பாட்டியாரின் வழியையே அவர் பின்பற்றினார். சரித்திரம் இதற்குக் காரணம் சொல்லாவிட்டாலும் இதை நாம் சாதாரணமாகக் கருத முடியவில்லை.

அவர் வல்லவரையர் வந்தியத்தேவருக்கு மனைவியானார் என்பதைத் தஞ்சைச் சாசனங்கள் தெரிவிக்கின்றன. அச்சாசனங்களில் அவர் மூன்று விதமாய்க் குறிக்கப்படுகிறார்: ராஜராஜனின் தமக்கையார், வந்தியத்தேவரின் மகாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார். தம்பியின் பெயரும் கணவன் பெயரும் தந்தையின் பெயரும் உடன் வந்தாலும், கொடுத்தவர் யார் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது.

985-ம் ஆண்டில் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தான். 1010-ம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்குக் கலசம் அளித்தான். தன் ஆட்சியின் 26-வது ஆண்டு 20-வது நாள் அவன் பிறப்பித்த கட்டளை பிரசித்தமானது. தான் கொடுத்தவற்றையும், அக்கன் கொடுத்தவற்றையும், தன் தேவிமார் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் விமானத்திலேயே கல்லில் வெட்டுமாறு அவன் ஆணையிட்டான். அரசனுக்கு அடுத்த இடம் அக்காளுக்கு. தேவிமாருக்கும் அதன் பின்னரே. பாசம் இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். தன் மகளுக்கும் குந்தவை என்றே அவன் பெயரிட்டிருந்தான். ஆனால் பாசம் மட்டுமே போதுமான காரணமன்று என்பது, பின்வரும் பட்டியலைப் படிப்பவர்க்கு விளங்கும்.

சுந்தர சோழனின் பிரதிமையையும் வானவன் மாதேவியின் பிரதிமையையும் குந்தவையார் பெரிய கோயிலில் எழுந்தருளுவித்தார். தக்ஷிணமேரு விடங்கர், தஞ்சை விடங்கர் ஆகிய மூர்த்திகளின் தேவியாராகிய உமா பரமேசுவரியின் திருவுருவங்களையும் செய்தளித்தார். பொன்னையெல்லாம் ஆடவல்லான் என்னும் கல்லாலும், ரத்தின ஆபரணங்களைத் தக்ஷிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தனர். ஒவ்வொரு நகையிலும் முத்து எத்தனை, வயிரம் எத்தனை, மாணிக்கம் எத்தனை, நிறை என்ன, விலை எத்தனை காசு என்று தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறது. நகையின் உள்ளே இருக்கும் அரக்கின் நிறைகூடக் கணக்கில் விடுபடவில்லை. இன்றைக்கு நகை அடகு வைக்கப்போகும் நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் கல்லின் எடை போகப் பொன் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குகிறார்கள்? கேட்பவர்களைக் கடைக்காரர் எப்படிப் பார்க்கிறார் என்பதையும் நாம் கண்டதுண்டு.

நிற்க. நகையைக் கொடுப்பது பெரிதன்று. செல்வமுடையோர் எவரும் கொடுப்பர். பிராட்டியாரின் புத்தி நுட்பம் முழுவதும் ரொக்கத்தை அவர் கையாண்ட முறையில் இருக்கிறது. தாம் எழுந்தருளுவித்த திருவுருவங்களின் நைவேத்தியம், புஷ்பம், விளக்கெண்ணெய் முதலிய தினச் செலவுக்காக அவர் காசு ஒதுக்கினார். அக்காசைக் கோயிற் பண்டாரத்தில் பூட்டி வைத்தால் சில வருஷங்களில் கரைந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் அது ஊர்ச் சபைகளிடம் முதலாகக் கொடுக்கப்பட்டது. ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. சந்திர சூரியர் உள்ளவரையில் பொலிசை மட்டுமே செலவாக வேண்டும். முதலில் ஒருவரும் கைவைக்கலாகாது.

சிலவிடங்களில் பொலிசை காசாக அல்லாமல் நெல்லாக நிச்சயிக்கப்பட்டது. விகிதம் காசுக்கு மூன்று குறுணி. அன்றைய விலையில் காசுக்கு இரண்டு கலம் நெல், அதாவது 24 குறுணி. மூன்று குறுணி அதில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே காசாக வாங்கினாலும் நெல்லாக வாங்கினாலும் வட்டி ஒன்றே. நூறு காசு முதலுக்கு வருஷத்துக்கு 25 கலம் நெல் வந்து சேரும். நெல்லாக வாங்குவதில் ஒரு லாபமுண்டு. நைவேத்தியத்துக்கு வேண்டுவது நெல்; பிற்காலத்தில் அதன் விலை ஏறினாலும் சுவாமிக்கு அமுது குறையாது. பண்டத்தின் விலையேற்றத்திலிருந்து சேமிப்பைக் காக்கும் வழி என்று இன்றைய பொருளாதார நிபுணர்கள் புஸ்தகம் எழுதுகிறார்களே, அது இதுதான். அந்நெல்லும் இன்ன மரக்காலால் அளக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அளவில் மோசம் நடக்கும் என்பதை அறிந்த கை எழுதிய நிபந்தனை அது.

விளக்குக்கு ஆடு விடுவதும் இத்தகைய ஏற்பாடே. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகளை இடையரிடம் ஒப்புவித்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் பெறுவது அக்கால வழக்கம். ஆடு ஈனும், கிழடாகும், மடியும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. முதல் அழியாமல் பலன் உண்ணும் இந்தத் தத்துவத்தைப் படிப்பறியாத இடையரும் அறிந்திருந்தனர்.

இதையெல்லாம் வாசித்து ராஜ வம்சத்தைப் புகழுவதே நம் நோக்கம் என்று எவரும் எண்ணவேண்டாம். பிராட்டியாரின் பொன் குடிகளின் வரியினின்றும் போர்க்களத்தினின்றும் வந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. அரசனுடைய அக்காளின் காசை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எந்த ஊர்ச் சபைக்கு இருந்திருக்கும் என்பதும் நியாயமான கேள்வி. அதே காலத்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்களில் பலர் தம் நிலத்தை விற்க முதுகண் என்ற ஆண் காப்பாளர் ஒருவரை முன்னிட்டுக்கொள்ள நேர்ந்தது என்பதையும் சாசனங்கள் காட்டுகின்றன. ஆயினும், பொருள் பெண்ணுடையது, கொடுப்பவள் பெண், எழுதப்படுவது அவள் பெயர் என்ற மட்டில் ஐயமில்லை.

இடைக்காலத்தில் இந்த உரிமை எவ்வளவு சுருங்கிற்று என்பதைப் பிற்காலச் சட்டங்களே காட்டும். கணவன் இறந்தால் சொத்தில் மனைவிக்கு ஆயுள் பாத்தியதையாவது கிடைக்க 1937-ம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அவளே பூரண உடைமையாளி என்றாக 1956-ம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று 1929-ம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தது. அவ்வியக்கத்தின் மற்றக் கொள்கைகள் சிலவற்றில் நமக்கு வேறு அபிப்பிராயம் உண்டெனினும், இத்தீர்மானத்தில் நமக்குப் பேதமில்லை. மகளுக்கும் பிதுரார்ஜித சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989-ம் ஆண்டில் சட்டம் செய்தது. தேச முழுவதற்கும் அது 2005-ம் ஆண்டில் வந்தது. சட்டம் வந்தும் ரிஜிஸ்டிரார் கச்சேரி வாசலில் தங்கைமாரிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பும் அண்ணன்மார் இன்றும் உண்டு. அவர்களிற் சிலர் கதர் உடுத்தியவர்கள் என்பதைச் சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் பிரதேசத்தைப் பொறுத்தவரை ஒரு நற்செய்தியும் உண்டு. 1989-ம் ஆண்டில் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம், அடுத்த சில வருஷங்களிலேயே, 1993-ம் ஆண்டு பிரிவினைக்கு முந்திய தென்னார்க்காடு ஜில்லாவுக்கு விஸ்தரிக்கப்பட்டது. கூலிவேலை செய்யும் பெண்கள் மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து, பொது முதலாக வைத்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, வட்டியை முதலிலே சேர்த்துக் கணக்கெழுதக் கற்றார்கள். கந்து வட்டிக்காரனுடைய கையை அது முற்றிலும் விலக்கிவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம். அவன் இன்னும் வேறு பெயரில் தெருவில் நடமாடுகிறான். சீட்டுப் பிடிக்கிறோம், மாதத்துக்குப் பத்து வட்டி தருகிறோம் என்று வருவோரிடம் நகையை விற்றுக் கொடுத்து ஏமாந்த குடும்பங்களும் பல. நூற்றுக்குப் பன்னிரண்டரை வருஷ வட்டியென்றால் அதற்கு ஊர்ச் சபையின் பொறுப்பையும், சாசனத்தையும், அளக்கும் மரக்காலையும் கேட்டவர் பிராட்டியார். மாதத்துக்குப் பத்து தருகிறேன் என்பவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேளாமல் கொடுக்கிறோம் நாம். இவ்விஷயத்தில் ஆடவர்கள் பெண்களைவிடப் புத்திசாலிகள் என்று சொல்ல ஆதாரம் ஒன்றும் அகப்படவில்லை.

குந்தவையாரின் தானங்கள் தம்பியின் காலத்தோடு முடியவில்லை. 1014-ம் ஆண்டில் ராஜராஜன் ஆட்சி முடிவுற்றது. பட்டத்துக்கு வந்த ராஜேந்திரன் அவருக்கு மருமகன் முறையானவன். அவனுடைய ஆட்சியின் ஆரம்ப வருஷங்களிலும் பழையாறை அரண்மனையிலிருந்த அந்த மூதாட்டியார் தொடர்ந்து தர்மங்கள் செய்துவந்தார். தஞ்சையில் தந்தையின் பெயரால் அமைந்த சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலை என்னும் வைத்தியசாலைக்கு அவர் நிலம் விட்டார். மருந்துக்கும் வைத்தியருக்கும் வருஷா வருஷம் எவரிடமும் போய்க் கையேந்த வேண்டாதபடி, நிலத்தின் விளைவே வைத்தியருடைய காணியாக அமைந்தது. சாசனங்களில் அவரைப்பற்றி நாம் காணும் கடைசிச் செய்திகளில் அதுவும் ஒன்று.