கல் பொறுக்கிய மேரி

எங்க ஊர் அரியலூர் பக்கம். காரை ஓடையில மழை பேஞ்சு ஓய்ஞ்சா சுருள் சுருளா கல்லு கிடக்கும். ஒரு காலத்துல இங்க கடல் இருந்தப்போ வாழ்ந்த உயிர்கள், கல்லாகிப் போனது. சின்ன வயசுல அதை வச்சு விளையாடியிருக்கேன். அந்த மாதிரிக் கல்லை வித்தே குடும்பத்தைக் காப்பாத்தின ஒரு பெண்ணைப் பத்தித்தான் நம்ம மலருக்கு எழுதறேன், சகோதரிகளே.

பேரு மேரி ஆனிங். இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் என்ற கடலோர ஊரில் 1799-இல் பிறந்தவர். அப்பா தச்சர். 1810-இல் அவர் இறந்தபோது வீட்டுக்கு மிஞ்சியது 120 பவுண்டு கடன். அம்மா, அண்ணன், மேரி மூணு பேருமா கல் வியாபாரத்தை விடாம நடத்தினாங்க. குளிர்கால மழையில் பாறைச் சரிவு இடிந்தால்தான் புதுக் கல் தெரியும். அலை அடித்துக்கொண்டு போவதற்குள் எடுக்கணும். உயிரைப் பணயம் வைக்கிற வேலை. 1833-இல் அப்படி ஒரு சரிவு, கூடவே போன நாய் மேல் விழுந்தது. மேரி மயிரிழையில் தப்பினார்.

1811-இல் அண்ணன் ஒரு பெரிய தலை எலும்பைக் கண்டுபிடிச்சார். மறு வருஷம் மிச்ச உடம்பைக் கண்டுபிடிச்சது மேரி, 12 வயசுப் பொண்ணு! அந்த மீன்பல்லி 23 பவுண்டுக்கு விலைபோனது.

1823-இல் நீளக் கழுத்துள்ள ஒரு கடல் பிராணி கிடைச்சது. பாரிசில் இருந்த பெரிய அறிஞர் கூவியே, இப்படி ஒரு கழுத்து இருக்க முடியாது, ஒட்டுவேலையாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். யோசிச்சுப் பாருங்க. நம்ம சரக்கு போலின்னு ஒரு தடவை பேர் வந்துட்டா அப்புறம் யார் வாங்குவா? 1824-இல் லண்டன் புவியியல் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசினாங்க. பெண்களுக்கு அங்கே இடமில்லை. கடைசியில் எலும்பு அசல்தான் என்று கூவியே ஒத்துக்கொண்டார். ஆனா அதைப் பற்றி அங்கே படித்த கட்டுரையில் மேரி பேரே இல்லை. எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான்.

மேரி ஓயலை. அறிஞர்களின் கட்டுரைகளைக் கையால் படியெடுத்துப் படிச்சார். மீனை அறுத்து எலும்பு எப்படி இருக்குன்னு பார்த்தார். 1826-இல் கண்ணாடி ஜன்னல் வச்ச சொந்தக் கடை.

மார்பகப் புற்றுநோயால் 1847-இல், 47 வயதில் இறந்தார். அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1919-இல். லைம் ரீஜிசில் அவருக்குச் சிலை வந்தது 2022-இல்; அதுவும் ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு ஆரம்பிச்ச முயற்சி. சிலையில் மேரி கையில் சுத்தியல், பக்கத்தில் அந்த நாய்.