மகனைத் தேடிப் போன பாஸ்டர்: ஆர்புவா வைனும் ஒரு போர்க்காலமும்

விசர்நாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டவர் என்றே லூயி பாஸ்டரை நாம் அறிவோம். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறைக்கும் அவருடைய பெயரே வழங்குகிறது. ஆனால் அந்த முறையை அவர் முதலில் பாலுக்காக உருவாக்கவில்லை; வைன் கெட்டுப் போகாமல் காப்பதற்காகவே உருவாக்கினார். அந்த ஆய்வின் முக்கியமான பகுதி அவர் வளர்ந்த ஆர்புவாவில் நடந்தது.

கிழக்குப் பிரான்சில், யூரா மலையடிவாரத்தில் உள்ள சிறிய ஊர் ஆர்புவா. 1822 டிசம்பர் 27 இல் டோல் நகரில் பிறந்த பாஸ்டர், சிறு வயதில் குடும்பத்துடன் இங்கு வந்தார். தந்தை நெப்போலியனின் படையில் போரிட்டு மீண்டவர். ஆற்றங்கரையில் தோல் பதனிட்டுக் குடும்பத்தைக் காத்தார்.

குளிர் கூடிய அந்த மலையடிவாரத்தில் புல்சார், துரூசோ, பினோ நுவார் ஆகிய கருந்திராட்சைகள் விளைகின்றன. புல்சாரின் தோல் மெல்லியது. அதனால் அதன் வைன் வெளிறிய சிவப்பாகவும் புளிப்பு முன்நிற்பதாகவும் இருக்கும். சற்றுக் குளிர்வித்தே பரிமாறுவார்கள். காரமும் கனமும் மிகுந்த இறைச்சி உணவு அதன் சுவையை அமுக்கிவிடும். புகையூட்டிய மோர்த்தோ சொசேஜ், வாட்டிய கோழி, அந்த மலைப் பசுக்களின் பாலில் செய்யும் கொம்தே சீஸ் ஆகியவையே அதற்குப் பொருத்தமானவை. மீன்குழம்பில் புளி செய்யும் வேலையைப் போல, கொழுப்பின் திகட்டலை அந்த வைனின் புளிப்பு தணிக்கிறது.

ஆனால் மதுசாரம் குறைந்த மெல்லிய வைன் எளிதில் கெட்டுவிடும். 1863 இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், வைன் கெடுவதன் காரணத்தைக் கண்டறியுமாறு பாஸ்டரிடம் கேட்டார். அவர் ஆர்புவாவில் தற்காலிக ஆய்வுகூடம் அமைத்தார். உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்துகொடுத்த கருவிகளே அவருக்குப் போதுமாயிருந்தன. மதுவம் திராட்சைச் சாற்றை வைனாக்குகிறது, வேறு நுண்ணுயிர்கள் அதைக் கெடுக்கின்றன என்று கண்டார். காற்றுப் படாமல் 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அவை அழிந்துவிடும் என்பதையும் காட்டினார். 1866 இல் வைன் பற்றிய அவரது நூல் வெளியானது.

அதே ஆண்டுகளில் அவரது வீட்டில் மரணம் தொடர்ந்தது. 1859 இல் மூத்த மகள் இறந்திருந்தாள். 1865 இல் தந்தையும் இளைய மகளும், 1866 இல் இன்னொரு மகளும் இறந்தனர். 1868 இல் பாரிசவாதம் அவரது இடப்பக்கத்தைத் தாக்கியது.

1870 இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டது. பாஸ்டர் பாரிஸிலிருந்து ஆர்புவாவுக்கு இடம்பெயர்ந்தார். ஒரே மகன் ஜோன் பப்தீஸ்த் படையில் இருந்தான். 1871 ஜனவரியில் பாரிஸ் மீது குண்டுகள் விழுந்தபோது, ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழகம் தனக்கு அளித்த கௌரவப் பட்டத்தைப் பாஸ்டர் திருப்பி அனுப்பினார். கிழக்கில் பிரெஞ்சுப் படை சிதறி எல்லையை நோக்கிப் பின்வாங்கியது. மகனிடமிருந்து செய்தி இல்லை. கை கால் சரியாக இயங்காத அந்தத் தந்தை, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, பனி மூடிய பாதையில் பழைய வண்டியொன்றில் புறப்பட்டார். வழியெங்கும் கந்தல் உடுத்த, பசித்த படையினரிடம் மகனைப் பற்றி விசாரித்தார். பொன்தார்லியே நகரில் மகன் நோயுற்ற நிலையில் கிடைத்தான். அவனை ஜெனீவாவுக்குக் கொண்டுசென்று உயிர் பிழைக்க வைத்தார்கள்.

போருக்குப் பிறகு, 1874 இல், ஆர்புவாவுக்கு அருகே ஒரு திராட்சைத் தோட்டத்தை வாங்கினார். 1878 இல் அங்கே திராட்சைக் குலைகளை மூடிவைத்து, நொதிக்க வைக்கும் மதுவம் வெளியிலிருந்தே வருகிறது என்று நிறுவினார். 1885 இல் விசர்நாய் கடித்த சிறுவன் ஒருவனைத் தடுப்பூசியால் காப்பாற்றினார். 1895 செப்டெம்பர் 28 இல் காலமானார்.

மூன்று மகள்களை அவரால் காப்பாற்ற முடியவில்லை. போரில் தொலைந்த மகனைத் தேடிக் கண்டுபிடித்தார். தேடிப் போன எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆர்புவாவின் அந்தத் தோட்டத்தில் இன்றும் திராட்சை காய்க்கிறது.