அறிவின் எல்லையை அளந்த இமானுவேல் கான்ற்

மெய்யியல் கற்கப் புகும் மாணவனை முதலாண்டிலேயே மூன்று வினாக்கள் எதிர்கொள்கின்றன. பிழையின்றிச் சிந்திப்பது எவ்வாறு? நன்று இது, தீது இது எனத் துணிவது எவ்வாறு? கடவுள் உளர் என்பதை அறிவினால் நிறுவக் கூடுமா? இவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தோர் பலர். ஒன்றற்கு அளித்த விடை மற்றையவற்றை எங்கே கொண்டுசெல்லினும் அஞ்சாது பின்தொடர்ந்தோர் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணப்படுபவர் ஜேர்மனிய அறிஞர் இமானுவேல் கான்ற் ஆவர். கடவுளுண்மைக்குக் கூறப்பட்ட நிறுவல்களைத் தகர்த்தவர் என ஒரு சாராரும், கடவுள் நம்பிக்கைக்கு அரண் செய்தவர் என மற்றொரு சாராரும் அவரைக் கூறுவர். இரண்டும் உண்மையே. அஃது எவ்வாறென்பதை அவர் வாழ்க்கை விளக்கும்.

பிரஷியா நாட்டின் கிழக்கெல்லையில், போல்டிக் கடலை அணித்தாயுள்ள கேனிக்ஸ்பேர்க் நகரில், 1724ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 22ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் குதிரைகளுக்கு வேண்டிய தோல்வார்கள் செய்து பிழைத்த கைவினைஞர். அன்னையார் பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாதவரெனினும் நுண்ணறிவும் ஆழ்ந்த பக்தியும் உடையவர். மைந்தனை ஊர்ப்புறத்தே அழைத்துச் சென்று செடிகொடிகளையும் விண்மீன்களையும் காட்டி, அவற்றின் வழியே இறைவனை நினைக்கப் பழக்கினார். கான்றுக்குப் பதின்மூன்று வயதாயிருக்கையில் அவ்வம்மையார் மறைந்தார். ஒருகால் வார் செய்வோர்க்கும் சேணம் செய்வோர்க்கும் தொழில் வழக்கு மூண்டு குடும்பத்துக்கு நட்டம் நேர்ந்தபோதும், பெற்றோர் எதிர்ப்பக்கத்தாரைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் கூறாதிருந்ததைக் கான்ற் முதுமையிலும் நினைந்து போற்றினார். அவர் பின்னர் எழுதிய அறநூல்களுக்கு வித்து அவ்வெளிய இல்லத்திலேயே ஊன்றப்பட்டது.

குடும்பத்தின் நண்பராகிய ஒரு போதகரின் தூண்டுதலால் அவர் சிறந்ததொரு பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். இலத்தீன் இலக்கியச் சுவையை அவர் பெற்றது அங்கேயே. ஆயின் அங்கு இடையறாது விதிக்கப்பட்ட செபங்களும் உள்ளத்தைத் துருவும் பயிற்சிகளும் அவருக்குக் கசந்தன. கட்டளையால் எழும் பக்தி பக்தியாகாது என்னுங் கருத்து அவர் நெஞ்சில் வேரூன்றியது. 1740இல் அந்நகர்ப் பல்கலைக்கழகம் புகுந்து நியூற்றனின் பௌதிகத்தையும் லைப்னிற்ஸ் வழிவந்த மெய்யியலையும் கற்றார். 1746இல் தந்தையார் இறக்கவே, செல்வர் இல்லங்களிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிச் சில ஆண்டுகள் பிழைத்தார்.

1755இல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றும் உரிமை கிடைத்தது. சம்பளம் இல்லை, கேட்க வரும் மாணவர் தரும் கட்டணமே ஊதியம். தருக்கம், கணிதம், ஒழுக்கவியல், புவியியல் எனப் பல பாடங்களை அவர் நடத்தினார். பிறர் முடிவுகளை மனனஞ் செய்விப்பதன்று, தாமே சிந்திக்கப் பழக்குவதே ஆசிரியர் கடன் என்பது அவர் கொள்கை. ஞாயிற்று மண்டலம் பரந்து கிடந்த நுண்பொருள்களிலிருந்து இயற்கை விதிகளின்படி உருவாயிற்று என்னும் நூலை எழுதியதும் அவ்வாண்டிலேயே. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் அழித்தது. அதனைத் தெய்வ தண்டனை என்று பலர் கூறுகையில், கான்ற் நிலத்தின் அடியிலுள்ள இயற்கைக் காரணங்களைத் தேடிக் கட்டுரைகள் வரைந்தார். அவர் கொண்ட காரணம் இன்றைய அறிவியலுக்கு ஒவ்வாதெனினும், தேடிய திசை நேரியதே.

பதினைந்தாண்டு காத்திருப்பின்பின் 1770இல் பேராசிரியர் பதவி வாய்த்தது. பிற நகரங்களிலிருந்து வந்த அழைப்புகளை ஏற்காது பிறந்த மண்ணிலேயே இருந்தார். அடுத்த பதினொராண்டும் நூலொன்றும் வெளியிடாது மௌனமாயிருந்தார். அம்மௌனத்தின் விளைவே 1781இல் வெளிவந்த 'தூய அறிவின் திறனாய்வு'.

அந்நூல் எழுந்த காரணம் யாது? ஐம்பொறிகளின் உதவியின்றியே உலகின் தோற்றம், ஆன்மா, கடவுள் ஆகியவற்றை அறிவொன்றே நிறுவிவிடும் என அக்காலப் பேராசிரியர் கருதினர். ஸ்கொத்லாந்து அறிஞர் ஹியூமோ, ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதையே காண்கின்றோம், காரணகாரியத் தொடர்பு நம் பழக்கத்தால் எழுவது என்றார். இவ்வையம் கான்றை உலுக்கிற்று. அவர் கண்ட விடை இது: அறிவுக்குப் பொருளைத் தருவன புலன்கள்; அதற்கு ஒழுங்கைத் தருவது மனம். காரணகாரிய விதி மனம் தரும் அவ்வொழுங்குகளுள் ஒன்று. எனவே அநுபவத்துள் அது தவறாது செல்லும். அநுபவத்துக்கு அப்பால் அதனைச் செலுத்தினால் இடறும். இடறும் என்பதற்குச் சான்றும் காட்டினார். உலகுக்குத் தொடக்கமுண்டு எனவும், இல்லை எனவும் சம வலிமையுள்ள இரு வாதங்களை அடுத்தடுத்து நிறுத்தினார். இரண்டும் முறையாக நிறுவப்படின், கேட்ட வினாவே அறிவின் எல்லையைக் கடந்தது என்பது போதரும்.

இவ்வளவுகோல் கொண்டே கடவுளுண்மைக்குரிய மூன்று நிறுவல்களை அளந்தார். முதலாவது, பதினோராம் நூற்றாண்டில் அன்செல்ம் தொடங்கி, டேக்காட் புதுப்பித்தது. நிறைவே வடிவான பொருள் கடவுள்; உண்மையாயிருத்தலும் ஒரு நிறைவு; ஆகவே அவர் உளர் என்பது அது. இருத்தல் என்பது ஒரு பொருளின் குணங்களுள் ஒன்றன்று எனக் கான்ற் மறுத்தார். மனத்தில் எண்ணிய நூறு தாலர்க் காசுக்கும் உண்மையான நூறு தாலருக்கும் கருத்தளவில் வேறுபாடில்லை. பையைத் தொட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு தோன்றும். கருத்தை எத்துணை நிறைத்தாலும் பொருள் வந்துவிடாது.

இரண்டாவது, இருந்தும் இல்லாமலும் போகக்கூடிய பொருள்களைக் கண்டு, இல்லாமற் போக இயலாத ஒரு முதற்பொருளை ஊகிப்பது. இங்கே காரணவிதி அநுபவத்தின் எல்லையைக் கடக்கின்றது. அம்முதற்பொருளே நிறைபொருள் எனக் காட்ட மீண்டும் முதல் வாதத்தையே துணைக்கழைக்கின்றது. மூன்றாவது, உலகின் ஒழுங்கைக் கண்டு அதனை வகுத்தவனை உணர்வது. குடத்தைக் கண்டு குயவனை அநுமானிக்கும் முறை நம் தருக்க நூல்களிலும் பயின்று வருவதன்றோ? இதனைக் கான்ற் பெரிதும் மதித்தார். அன்னையார் காட்டிய விண்மீன்களின் வழி இதுவே. எனினும் மண்ணை வனைந்த குயவனை இது காட்டுமேயன்றி, மண்ணையும் படைத்த முழுமுதலைக் காட்டாது என்றார். 1763இல் தாமே புதியதொரு நிறுவலை வகுத்து நூலெழுதியவர் அவர். இப்பொழுது அதனையும் சான்றெனக் கொண்டிலர். தாம் பெற்ற பிள்ளையையும் பிறர் பிள்ளையையும் ஒரே கோலால் அளந்த நடுவுநிலைமை இது. ஆயின் இதன் மறுபக்கத்தையும் மாணவர் மறத்தலாகாது. கடவுள் இல்லை என நிறுவப் புகுவோனும் அவ்வெல்லையையே கடக்கின்றான். அவனுக்கும் அங்கே வழியில்லை.

அறிவு நின்றுவிட்ட இடத்தில் அறம் தொடங்குகின்றது. 1785இலும் 1788இலும் எழுதிய ஒழுக்க நூல்களில் இதனை விளக்கினார். விவரமறியாத சிறுவனையும் ஏமாற்றாது ஒரே விலைக்கு விற்கும் கடைக்காரன் நேர்மையானவனா? வாடிக்கை குறையும் என்றஞ்சி அவ்வாறு செய்யின் அது நல்ல வாணிகம். கடமையெனக் கருதிச் செய்யினே அது அறம். திருப்பித் தரும் எண்ணமின்றித் தருவேன் என வாக்களித்துக் கடன் கேட்பவன், எல்லாரும் அவ்வாறே செய்வதை ஏற்பானா? அனைவரும் செய்யின் வாக்குறுதி என்பதே பொருளற்றுப் போகும். மேலும், எந்த மனிதனையும் நம் பயனுக்குரிய வெறுங் கருவியாக்குதல் தகாது. அறநெறி நிற்போன் அதற்கேற்ற இன்பத்தையும் எய்துவதே முழுநன்மை. இவ்வுலகில் அது உறுதியன்று. ஆதலின் அதனைக் கூட்டுவிக்கும் இறைவன் உளன் எனக் கொள்ளுதல் அறவோனுக்கு இயல்பான நம்பிக்கையாம். கடவுளுக்கு அஞ்சி அறஞ் செய்வதன்று. அறஞ் செய்பவனே கடவுளை நம்புதற்குரியன் என்பது இதன் கருத்து.

இத்தகைய பெரியாரிடத்தும் குறையுண்டு. புவியியல், மானிடவியல் பற்றிய எழுத்துக்களில் ஐரோப்பியரல்லாத மக்களை இழித்துரைத்தார். மனிதரனைவரும் மதிப்புடையர் என்ற அவர் கொள்கையே அக்கூற்றுக்களுக்குத் தீர்ப்பளிக்கும். எனினும் 1795இல் எழுதிய நிலையான சமாதானம் பற்றிய நூலில், அயல்நாடுகளை உரிமையற்றனபோற் கைப்பற்றிய ஐரோப்பியரின் கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்தார்.

1793இல் சமயம் பற்றி எழுதிய நூல் அரசனின் சினத்துக்கிலக்காயிற்று. மறு ஆண்டு, இனி அவ்வாறு எழுதலாகாது என ஆணை வந்தது. எழுபது வயதான கான்ற், மன்னரின் குடி என்ற முறையில் சமயம் பற்றிப் பேசுவதில்லை என வாக்களித்தார்; தம் கருத்தை மாற்றிக்கொண்டாரல்லர். 1797இல் அரசன் இறக்கவே, அவ்வாக்கு அவன் வாழ்நாளளவே தம்மைக் கட்டும் என்று கூறி, மறு ஆண்டு மீண்டும் எழுதினார். கொலைஞனிடத்தும் பொய் கூறலாகாது எனக் கட்டுரை வரைந்தவர் இங்ஙனஞ் சொற்களைத் தெரிந்து அமைத்தது தகுமா என்பது இன்றும் வாதத்துக்குரியது.

இறுதிக்காலத்தில் நினைவும் பார்வையும் குன்றின. இறப்பதற்குச் சில நாள் முன்னர் மருத்துவர் வந்தபோது, நிற்க மாட்டாத தளர்ச்சியிலும் அவர் எழுந்து நின்றார். விருந்தினர் அமருமுன் தாம் அமர மறுத்தார். மனிதனுக்கு மனிதன் செலுத்தும் மதிப்பு தம்மை விட்டு நீங்கவில்லையெனத் தளர்ந்த குரலில் உணர்த்தினார். 1804ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி உயிர் நீத்தார். நகரமே திரண்டு இறுதியூர்வலத்திற் சென்றது. அந்நகர் இன்று ருஷியாவின் கலினின்கிராட்டாக விளங்குகின்றது. நாடும் மொழியும் மாறியபோதும் பெருங்கோவிலின் அருகே அவர் கல்லறை நிலைத்துள்ளது; அங்குள்ள பல்கலைக்கழகமும் அவர் பெயர் தாங்குகின்றது.

தான் விரும்பும் முடிவுக்குத் துணைசெய்யும் வாதத்தையும் தளர்ந்த வாதமெனின் தளர்ந்தது என்று கூறுதல் வேண்டும். அதனாற் கடமை தளர்ந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. மெய்யியல் பயிலும் இளைஞர் கான்றின் வாழ்விலிருந்து பெறத்தக்க செல்வம் இதுவேயாம்.